பெண் குரலுக்கு விட்ட இடம்

எனக்குக் காது போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன்.

வண்டி நின்றிருந்தது. பின்னால் ஏதோ இடித்திருந்தது. தலை முன்னால் போய்ப் பின்னால் வந்ததும், கழுத்துக்குள் எங்கேயோ 'மளுக்' என்றதும் மட்டும்தான் தெரியும். ஸ்பீக்கரில் பாட்டு நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. எண்பதுகளின் காதல் டூயட் ஒன்று. ஆண் குரல் இரண்டு வரி பாடி நிறுத்தியது. அடுத்த இரண்டு வரியைப் பெண் பாட வேண்டும். பாடவில்லை. தபேலா வாசிக்கிறது, வயலின் வாசிக்கிறது, பாட வேண்டியவளைக் காணோம். போச்சு, ஒரு காது அவ்வளவுதான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

அப்புறம் ஆண் குரல் மறுபடி வந்தது. அப்போதுதான் உறைத்தது. அந்தப் பாட்டில் பெண் குரல் எப்போதுமே கிடையாது. மூன்று வருஷமாக அந்த வண்டியில் நான் கேட்டதெல்லாம் பாதிப் பாட்டுகள்தான்.

"மேடம், அசையாதீங்க. கழுத்தத் திருப்பாதீங்க" என்று முன்சீட்டிலிருந்து அதே குரல் சொன்னது. பாடியவரும் அவர்தான், வண்டி ஓட்டியவரும் அவர்தான். பாட்டை நிறுத்த அவருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை.

அண்ணன் வண்டி

போன வாரம் வரைக்கும் இந்தத் தொடரைச் சிரிப்பும் கும்மாளமுமாக ஓட்டிவிட்டேன். இந்த வாரம் அது நடக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் குறை சொல்லக் கூடாது.

புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் ஷார்ஜாவில், முவைலாவில் குடியிருக்கிறேன். வேலை துபாயின் அந்தக் கோடியில், ஒரு குளிர்பதனக் கிடங்கின் கணக்குப் பிரிவில். கணவர் சங்கருக்கு ஷார்ஜாவிலேயே வேலை. மகள் அனன்யா பத்தாம் வகுப்பு. சொந்த ஊர் திருச்சி.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது என்று யாராவது சொன்னால் கோபம் வரும். நன்றாக ஓட்டுவேன். டெஸ்ட் எடுக்கும் அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்தால்தான் ஓட்ட வராது. இந்த ஊரில் லைசென்ஸ் வாங்க அலைந்தவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும். ஒரு தடவை ரவுண்டானாவுக்குள் நுழையப் பயந்து அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வரிசையாக ஹாரன். அதிகாரி அரபியில் என்னவோ முணுமுணுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "நீ லைசென்ஸ் வாங்கறதுக்குள்ள அனன்யாவே வாங்கிடுவா" என்றார் சங்கர். அதோடு அந்த ஆசைக்குக் கும்பிடு போட்டேன்.

மிச்சம் இருந்தது கார் லிஃப்ட். சொந்தக் கார் வைத்திருக்கும் ஒருவர் நாலைந்து பேரை மாதக் கட்டணத்துக்கு ஏற்றிக்கொண்டு போய் வேலையிடத்தில் இறக்கிவிடுவார், சாயங்காலம் திரும்பக் கூட்டிவருவார். பெர்மிட் இல்லாமல் செய்தால் சட்டப்படி தப்பு. அது எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் போகிறோம். பஸ்ஸும் மெட்ரோவும் மாறி மாறிப் போனால் வீட்டுக்கு வந்து தூங்கத்தான் நேரம் இருக்கும்.

எங்கள் வண்டியில் நாலு பேர். நான், ஒரு மலையாள நர்ஸ், மாலில் வேலை பார்க்கும் ஒரு ஃபிலிப்பைன்ஸ் பெண், தச்சு வேலை செய்யும் ஒரு பாகிஸ்தான்காரர். ஓட்டுகிறவர் அறந்தாங்கிப் பக்கத்து ஆள். எனக்கு அவர் இரண்டு மூன்று வயது சின்னவராகத்தான் இருப்பார். ஆனாலும் அண்ணன் என்றே கூப்பிட்டேன். ஃபோனிலும் 'அண்ணன் வண்டி' என்றுதான் பதிந்து வைத்திருந்தேன்.

அவர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று. "போலீஸ் நிறுத்துனா ஃப்ரெண்ட்ஸ், ஃபேமிலின்னு சொல்லிருங்க. வேற எதுவும் வாயத் தொறக்க வேணாம். மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

மெலடி மாப்பிள்ளை

அண்ணனுக்கு ஒரு பைத்தியம் உண்டு. கரோக்கே ஆப். டூயட் பாட்டில் நம்முடைய பாதியை மட்டும் பாடி ஏற்றிவிட்டால், மறுபாதி காலியாகக் கிடக்கும். உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் ஒருத்தி வந்து அந்தக் காலி இடத்தில் பாடிச் சேர்ந்துகொள்ளலாம். ஆப்பில் அவர் பெயர் 'மெலடி மாப்பிள்ளை'. இதைச் சொல்லும்போது மட்டும் அவருக்குக் கொஞ்சம் வெட்கம் வரும்.

பெரும்பாலும் யாரும் சேர மாட்டார்கள். பாடி ஏற்றியதைக் காலையில் வண்டியில் போட்டு, எங்கே சுருதி இறங்கியது என்று அவரே கேட்டுக்கொண்டு வருவார். குரல் நல்ல குரல், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் விடியற்காலையில் அரைத் தூக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, பாட்டு பாதியில் நின்று, வெறும் தாளம் மட்டும் ஓடி, மறுபடி அவர் வருவது எனக்கு எரிச்சலாக இருக்கும்.

"ஏண்ணே, முழுப் பாட்டா ஒண்ணு போடக் கூடாதா?" என்று கேட்டிருக்கிறேன்.

"ஒரு லேடி வாய்ஸ் சேந்துச்சுன்னா முழுசாயிரும் மேடம். நீங்களே பாடலாம்ல?"

"நான் பாடினா வண்டியில இருக்கற எல்லாரும் இறங்கிடுவாங்க."

அவர் சிரிப்பார். மலையாள நர்ஸும் சிரிக்கும். எங்கள் பேச்சு அதற்கு மேல் போனதில்லை.

ஒரே அண்ணன்

சரி, விபத்துக்கு வருகிறேன். தப்பு எங்கள் மேல் இல்லை. முன்னால் நெரிசல், அண்ணன் ஒழுங்காக நிறுத்தினார். பின்னால் வந்த வேன்காரன் நிறுத்தவில்லை. பின்பக்கம் நசுங்கியது. அடிபட்டது எனக்கு மட்டும்தான், அதுவும் கழுத்தோடு போயிற்று.

போலீஸ் வந்தது. சின்ன வயசு அதிகாரி, மரியாதையான பையன். முதலில் என்னைப் பார்த்து, ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருக்கிறது, பயப்பட வேண்டாம் என்றான். அண்ணனின் லைசென்ஸை வாங்கிப் பார்த்தான். அப்புறம் வண்டிக்குள் இருந்த எங்கள் நாலு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இவர் உங்களுக்கு யார்?" என்று ஆங்கிலத்தில் நர்ஸைக் கேட்டான்.

"பிரதர், சார்" என்றது நர்ஸ்.

ஃபிலிப்பைன்ஸ் பெண்ணைக் கேட்டான். "பிரதர், சார்."

பாகிஸ்தான்காரரைக் கேட்டான். "பாய் ஹை, சாப். படா பாய்."

என் பக்கம் திரும்பினான். நானும் அதையேதான் சொன்னேன். பொய் சொல்வதாக எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நர்ஸ் அவரைச் சேட்டா என்று கூப்பிடும். ஃபிலிப்பைன்ஸ் பெண் கூயா என்று கூப்பிடும், அவர்கள் மொழியில் அதுவும் அண்ணன்தான். பாகிஸ்தான்காரருக்கு பாய்ஜான். அவரவர் ஊர் வழக்கப்படி எல்லோருக்கும் அவர் அண்ணன்.

"நல்லது" என்றான் அதிகாரி. "அண்ணன் பெயர் என்ன?"

நான் நர்ஸைப் பார்த்தேன். நர்ஸ் என்னைப் பார்த்தது. பாகிஸ்தான்காரர் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்தார். மூன்று வருஷம் தினமும் காலையும் மாலையும் ஒன்றாகப் போயிருக்கிறோம். மழை வெள்ளத்தில் நடுரோட்டில் மாட்டிக்கொண்டு ஒரே பாக்கெட் பிஸ்கட்டைப் பகிர்ந்து தின்றிருக்கிறோம். பெயர் யாருக்கும் தெரியவில்லை. கேட்க வேண்டிய அவசியமே வந்ததில்லை. அண்ணனைப் போய் யாராவது பெயர் கேட்பார்களா?

நர்ஸ் கடைசியில் பயந்துபோய், "மெலடி... மெலடி சார்" என்றது.

அந்தப் பையன் சிரித்துவிட்டான். உடனே சிரிப்பை அடக்கிக்கொண்டு அண்ணனிடம் திரும்பி, "பஹுத் படா ஃபேமிலி ஹை தும்ஹாரா" என்றான். உன் குடும்பம் ரொம்பப் பெரிசு. அதன் பிறகு விசா யாரிடம், வேலை எங்கே, இவர்களிடம் மாதம் என்ன வாங்குகிறாய் என்று கேள்விகள் வேறு பக்கம் போய்விட்டன.

இங்கே விபத்தில் தப்பில்லாதவருக்குப் பச்சைச் சீட்டு, தப்பு செய்தவருக்குச் சிவப்பு. வேன்காரனுக்குச் சிவப்பு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அண்ணன் கையில் பச்சைச் சீட்டைக் கொடுத்துவிட்டு, அவர் வண்டியை எடுத்துக்கொண்டார்கள். அநியாயம் என்று கத்தவும் முடியாது. சட்டப்படி எல்லாம் சரியாகத்தான் நடந்தது.

என்னை ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது அண்ணன் ஓடிவந்தார். "மேடம், சாப்பாட்டுப் பைய வுட்டுட்டீங்க" என்று என் கால்மாட்டில் வைத்தார். அவர் முகம் வெளிறியிருந்தது. எனக்கு வலியில் உயிர் போனது.

மைனர்

எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள். கழுத்துத் தசையில் இழுப்பு, மைனர் என்றார் டாக்டர். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மைனராம். படுத்தால் எழ முடியாது, எழுந்தால் படுக்க முடியாது. கழுத்துப் பட்டையைப் போட்டுக்கொண்டு சாப்பிட்டால் தட்டே கண்ணுக்குத் தெரியாது. சாம்பார் எங்கே, சட்டினி எங்கே என்று கையால் தடவிப் பார்த்துச் சாப்பிட்டேன்.

பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். கண் திருஷ்டி என்றாள் ஒருத்தி. வாரா வாரம் ஒரு தமிழ் வீட்டில் பஜனை நடக்கும், அந்த வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டு முறை. வேண்டாம் என்று சொல்லியும் வந்துவிட்டார்கள். ஆர்மோனியம் எடுத்த எடுப்பில் உரக்க ஆரம்பித்ததும் எனக்கு உடம்பு தூக்கிப்போட்டது. எழுந்து படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சாமி பாட்டுக்கு எழுந்து போகிறாளே என்று வெளியே முணுமுணுப்பு. முணுமுணுக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பயம்தான் தாங்கவில்லை. கீழே தெருவில் யாராவது பிரேக் போட்டால் இரண்டு கையும் தானாக எதையாவது பிடித்துக்கொள்ளும். டாக்டர் வரச் சொன்ன நாளில் சங்கரோடு பார்க்கிங் வரை போனேன். கதவைத் திறந்தார். உட்கார முடியவில்லை. கால் வரமாட்டேன் என்கிறது. "மெதுவா ஓட்டறேன் மாலா, சத்தியமா" என்றார் பாவம். நான் அங்கேயே தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கிளினிக்குக்கு நடந்தே போனோம்.

எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போன பிறகு வீட்டில் நானும் ஏசியின் இரைச்சலும்தான். தூக்கம் வராது. புத்தகத்தைக் குனிந்து படிக்க முடியாது. சங்கர் புது ஸ்பீக்கர் வாங்கிவந்தார். எந்தப் பாட்டைப் போட்டாலும் எதிர்பாராத இடத்தில் டிரம் ஒன்று வந்து விழும், நான் துள்ளுவேன், கழுத்து இழுக்கும். நிறுத்திவிடுவேன்.

அப்போதுதான் நர்ஸ் ஃபோன் செய்தது. சேட்டாவின் பெயர் பழனிவேல் என்று போலீஸ் ஸ்டேஷனில் தெரிந்துகொண்டதாம். விசா வேறொரு கம்பெனி பெயரில் இருக்கிறதாம், வெளியே வண்டி ஓட்டியது பெரிய குற்றமாம். கஃபீல், அதாவது விசா கொடுத்த முதலாளி, கைகழுவிவிட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், திரும்பவும் வர முடியாது. "சேச்சி, நம்மளாணு காரணம்" என்று அது அழுதது. நானும் அழுதேன். வேறென்ன செய்ய?

பட்டை போட்ட பாடகி

ஆப்பை இறக்கி 'மெலடி மாப்பிள்ளை' என்று தேடினேன். எதற்குத் தேடினேன் என்று இப்போதும் தெரியவில்லை. அந்தக் குரல் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

மூன்று வருஷம் எரிச்சலூட்டிய அதே பாட்டுகள். அவர் பாடுவார், நிறுத்துவார். தாளம் மட்டும் ஓடும். அந்தக் காலி இடத்தில் எனக்கு மூச்சு சீராகும். போனவர் போன இடத்திலிருந்து சரியான நேரத்துக்குத் திரும்பி வந்துவிடுவார். ஒரு தடவைகூடத் தவறமாட்டார். எப்போது எது பின்னால் வந்து இடிக்குமோ என்று நாளெல்லாம் தவித்துக்கொண்டிருந்த எனக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று எழுதிக் காட்ட வரவில்லை. கேட்டுக்கொண்டே தூங்கிப்போனேன். விபத்துக்குப் பிறகு நான் நன்றாகத் தூங்கியது அன்றைக்குத்தான்.

ஒரு நாள் காலி இடத்தில் வாயசைத்தேன். மறுநாள் முனகினேன். அதற்கடுத்த நாள் பட்டனை அமுக்கிப் பாடியே விட்டேன். பட்டை போட்ட கழுத்தைத் தூக்க முடியாது, அதனால் மேல் ஸ்தாயி சுத்தமாக வராது. மேலே போக வேண்டிய இடத்தில் எல்லாம் கீழேயே நடந்து வந்தேன். கேட்டால் சிரிப்புத்தான் வரும். ஆனாலும் என் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு பாட்டை முழுசாகப் பாடி முடித்திருந்தேன்.

அரை மணியில் அவரிடமிருந்து பதில், குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். 'சூப்பர் மேடம். கழுத்து எப்படி இருக்கு?'

"யாருடி அந்த மாப்பிள்ளை?" என்று சங்கர் கிண்டல் செய்தார். "அண்ணன்னு கூப்பிடற, கண்ணே மணியேன்னு பாடற. எனக்கு ஒண்ணும் புரியல."

"சினிமாவுல அண்ணன் தங்கச்சி டூயட் எத்தனை இருக்கு? இருக்கறதத்தான பாட முடியும்?"

"அம்மா, திஸ் இஸ் ஸோ க்ரிஞ்ச்" என்று அனன்யா காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள்.

அண்ணன் இப்போது தினமும் பாடி ஏற்ற ஆரம்பித்தார். கேஸ் முடியும்வரை வேலை கிடையாது, பாஸ்போர்ட் கையில் கிடையாது. அறையில் ராத்திரி ஷிஃப்ட் ஆட்கள் பகலில் தூங்குவார்கள் என்று பாத்ரூமுக்குள் போய்ப் பாடுவார். ஒரு பாட்டில் இரண்டாவது சரணத்தின் நடுவே யாரோ கதவைத் தட்டி "பாய், ஜல்தி!" என்று கத்துவது அப்படியே பதிவாகியிருந்தது. நான் அதையும் சேர்த்துத்தான் பாடி முடித்தேன்.

ஒரு நாள் ஃபோனில் பேசினோம். பழனிவேல் என்று கூப்பிட வாய் வரவில்லை, அண்ணன் என்றே பேசினேன்.

"ஒங்க கழுத்துக்கு நாந்தான் காரணம்னு மனசு அடிச்சிக்குது மேடம்."

"உங்க வண்டி போனதுக்கு நாங்கதாண்ணே காரணம்."

"வுடுங்க. பாடுறதாலதான் தல வெடிக்காம கெடக்கு. நீங்க அந்தப் பக்கம் பாடுறீங்கன்னு தெரிஞ்சா, சரி இன்னக்கி ஒண்ணு ஏத்துவோம்னு எந்திரிக்கிறேன். ஊருக்கு மட்டும் அனுப்பாம இருந்தாப் போதும் மேடம். இத்தன வருஷம் கழிச்சு வெறுங்கையோட போயி எம் பொண்டாட்டி முன்னாடி எப்படி நிப்பேன்?"

கலாஸ்

சங்கர் வாய்தான் கிண்டல் பேசும். ஒரு சனிக்கிழமை லீவு நாளில், தூக்கத்தை விட்டுவிட்டு அஜ்மானுக்குப் போய் அந்தக் கஃபீலைப் பார்த்தார். வயசான மனிதராம், காவா என்கிற அரபுக் காப்பி கொடுத்து உட்காரவைத்துப் பொறுமையாகக் கேட்டாராம். ஆனால் தன் மேலும் அபராதம் வரும் என்று பயம் அவருக்கு. "கலாஸ்", எல்லாம் முடிந்தது என்று கையை உதறிக் காட்டிவிட்டாராம். விசா ரத்து எழுதிக் கொடுத்தாயிற்று, இனி பேச ஒன்றுமில்லை.

நான் போலீஸ் ஸ்டேஷன் போகிறேன் என்றேன். "எப்படிப் போவ? நடந்தா?" என்றார் சங்கர்.

காரில்தான் போனேன். பட்டையைக் கட்டிக்கொண்டு, இரண்டு காதிலும் இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு, கதவைத் திறப்பதற்கு முன்பே அண்ணன் பாட்டைப் போட்டுவிட்டேன். அவர் நிறுத்திய இடத்திலெல்லாம் நான் பாடினேன். கண்ணைத் திறக்கவே இல்லை. பக்கத்தில் சங்கர் சொன்ன மாதிரியே மெதுவாக ஓட்டினார். ஸ்டேஷன் வாசலில் கண்ணைத் திறந்தபோது ரவிக்கை முழுக்க வேர்வை.

அதே அதிகாரி இருந்தான். கழுத்து எப்படி இருக்கிறது என்று கேட்டு நாற்காலி போட்டான். "அந்த டிரைவரை எனக்கு மூன்று வருஷமாகத் தெரியும். நல்ல மனிதர். தப்பு ஒன்றும் செய்யவில்லை. அவர் பெயர் பழனிவேல்" என்றேன்.

"இப்போது உங்களுக்குத் தெரிகிறது, மேடம்" என்றான் அவன். குத்தலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே வருத்தமாகத்தான் சொன்னான். ஃபைல் அவர்களிடமிருந்து விசா அலுவலகத்துக்குப் போய்விட்டதாம், அவன் கையில் இப்போது எதுவும் இல்லை.

அண்ணன் போகிற நாளில் விமான நிலையத்திலிருந்து ஒரு நிமிஷம் பேசினார். "ஆப்புல கெடக்கறது அப்படியே கெடக்கட்டும் மேடம். பாடாத பாட்டு நெறைய இருக்கு. பாடுங்க."

அறந்தாங்கி

லீவு முடிந்தது. ஆபீசில் அலைந்து திரிந்து கம்பெனி பஸ்ஸில் ஒரு இடம் வாங்கினேன். வண்டியில் கால் வைக்க எனக்கு இருந்த ஒரே வழி அந்தப் பாட்டுகள்தான். காலையில் கிளம்புவதற்கு முன் பால்கனியில் நின்று ஒன்றைப் பாடிச் சேர்ப்பேன், பஸ்ஸில் அதையே கேட்டுக்கொண்டு போவேன். பயம் மெல்ல மெல்லக் குறைந்தது. பட்டையும் கழன்றது.

ஊருக்குப் போன பிறகு அண்ணன் புதிதாக எதுவும் ஏற்றவில்லை. என் பாட்டுக்குப் பதிலும் வரவில்லை. வீட்டில் எல்லோரோடும் சந்தோஷமாக இருக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஊர் நம்பரிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.

"அக்கா, நான் பழனிவேலோட வீட்டுக்காரி பேசுறேன். நீங்கதான அவருகூடப் பாடுறது?"

ஆமாம்மா என்றேன். சண்டைக்கு வருகிறாள் என்று நினைத்தேன். அவள் குரலில் சண்டை இல்லை.

"ஒங்க பாட்டு வந்தா அவரு ஃபோன்ல சத்தம் வருதுக்கா. எடுத்துக்கிட்டுக் கொல்லப்பக்கம் போயிருவாரு. காதுல வச்சிக்கிட்டு நின்னுக்கிட்டே இருப்பாரு. எங்கிட்டப் பேச்சே இல்ல. சாப்பிடுறியளான்னா தலயாட்டுறாரு. படுக்குறியளான்னா தலயாட்டுறாரு. வெளியிலயும் போறதில்ல."

"அவருக்கு மனசு சரியில்லம்மா. வேலை போன வருத்தம்..."

"தெரியும்க்கா. தப்பா ஒண்ணும் நெனக்கல. அண்ணன்னுதான் கூப்புடுவாங்கன்னு சொன்னாரு. நான் கேட்டுப் பாத்தேன், பாட்டுல அப்படி இல்ல."

"சினிமாப் பாட்டும்மா அது. அதுல வர்ற வார்த்தைக்கு நான் என்ன..."

"அதான்க்கா. அந்த வார்த்தையக்கூட அவரு எங்கிட்டச் சொன்னதில்ல. கல்யாணம் ஆன மூணாம் மாசம் போனாரு. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ வருவாரு, வந்தா விருந்தாளி மாதிரி இருப்பாரு. பாடுவாருன்னே இப்பத்தான் எனக்குத் தெரியும்."

அந்தப் பக்கம் கோழி ஒன்று கத்திக்கொண்டிருந்தது.

"இப்ப வீட்லதான் இருக்காரு. ஆனா இன்னும் அங்கதான் இருக்காரு. ஒங்களோடது எல்லாத்தயும் எடுத்துருங்கக்கா. புண்ணியமாப் போவும்."

"சரிம்மா" என்றேன். வேறு எதைச் சொல்லியிருக்க முடியும் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். அவள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை.

அன்றைக்கே உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்தேன். ஒவ்வொரு தடவையும் நிச்சயமா, நிச்சயமா என்று அந்த ஆப் கேட்டது. முடித்துவிட்டு ஆப்பையும் எடுத்துவிட்டேன். சங்கர் மத்தியானம் சாப்பிடும்போது, "என்ன, இன்னிக்குப் பாட்டுச் சத்தத்தையே காணோம்?" என்றார்.

"கழுத்துதான் சரியாயிடுச்சே. இனிமே எதுக்கு?" என்றேன்.

மறுநாள் காலை கம்பெனி பஸ் வந்தது. ஏறினேன். என் சீட் காலியாகத்தான் இருந்தது. அதன் பக்கத்தில் நின்று, மேலே இருந்த கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். உட்கார முடியவில்லை. பின்னால் ஏறியவர்கள் என்னை இடித்துக்கொண்டு போய் உட்கார்ந்தார்கள். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "பைட்டோ மேடம், யல்லா, பைட்டோ" என்றார். நான் உட்காராமல் வண்டியை எடுக்க மாட்டார். மறுபடியும் சொன்னார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.